மின்தடை நாளில் வருகிறவர்

செய்தி வந்தபோது என் கணினியில் வயலின்கள் ஏறிக்கொண்டிருந்தன. மென்பொருள் வாத்தியங்களோடு பழகாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு பெரிய கூடத்தில் யாரோ வாசித்த ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, பலமாக, இழுத்து, வெட்டி என்று தனித்தனியாகப் பதிந்து, மொத்தத்தையும் மூட்டை கட்டி விற்பார்கள். அந்த மூட்டை கணினியின் நினைவகத்தில், அதாவது ரேமில், ஏறிய பிறகுதான் நாம் விரல் வைத்து வாசிக்க முடியும். ஏறி முடிகிறவரை திரையில் ஒரு நீலக் கோடு நகரும். கோடு பாதியில் இருந்தபோது சாமளாபுரத்திலிருந்து அருள் கூப்பிட்டார். ஜெசிந்தா அக்காவின் தம்பி. அவர் என்னைக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது.

"அக்கா தவறிருச்சுங்ணா" என்றார். தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில், சாப்பிட்டுவிட்டு நெஞ்சை அடைக்கிறது என்று படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் "சரிங்க" என்றேன். சாவுச் செய்திக்குச் "சரிங்க" என்று பதில் சொன்ன மடையன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போனை வைத்துவிட்டு நீலக் கோடு கடைசிவரை போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வயலின்கள் தயார் என்று திரை சொன்னது. எந்தக் கட்டையை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா அக்காவை உங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அறிந்திருப்பீர்கள். தேவாலயப் பாடகர் குழுவுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கிறவர். பனியன் கம்பெனிக்காரர்களுக்குப் பேட்டர்ன் பிரிவு மேடம். மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு, திருவிழாவுக்குப் பூச்சாட்டியதும் பாட்டுக்குத் தேடி ஓடுகிற கீபோர்டு அக்கா. எனக்கு அவர் மின்தடை நாளில் வருகிறவர். மங்கலத்தில் ஒரு நூல் குடோனுக்கு மேலே இருக்கிறது என் ஒற்றை அறை ஒலிப்பதிவுக் கூடம். அங்கேதான் குடியிருப்பும். அந்த அறைக்கு அவர் வேலைக்கென்று வந்ததில்லை, விருந்துக்கென்றும் வந்ததில்லை. இருவரும் சேர்ந்து பாட்டுச் செய்தோம். நான் பதிவேன், கலப்பேன். அவர் வாத்தியங்களை அமைப்பார். இருவரும் சண்டை போடுவோம்.

முதல் சந்திப்பே சண்டையில்தான் தொடங்கியது. அவர்கள் சபைக் கூட்டத்துக்காக நான் பதிந்துகொடுத்த பாட்டை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, உட்காரக்கூட இல்லை. "ஏனுங் தம்பி, ரெண்டாஞ் சரணத்துல யாருங்க கடுகு தாளிக்கறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாட்டின் நடுவே திடீர் திடீரென்று கடுகு பொரிகிற மாதிரி ஒரு படபடப்பு. பல மாதங்களாக என் எல்லாப் பதிவுகளிலும் அது இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். என் சன்னலுக்குக் கீழே, பக்கத்துக் கட்டடத்தில், பொன்னுச்சாமி அண்ணனின் தறிக்குடோன். மங்கலத்தில் பிறந்தவனுக்குக் காதில் எந்தச் சத்தம் விழுந்தாலும் முதல் சந்தேகம் தறி மேல்தான் போகும். கம்பெனிகளில் கழித்துப் போடும் பனியன் துணி வேஸ்ட்டை மூட்டை மூட்டையாக வாங்கிச் சுவர் முழுக்க அடைத்திருந்தேன். போதாக்குறைக்குப் பொன்னுச்சாமி அண்ணனிடம் போய், தறிக்கு அடியில் ரப்பர் போடுங்கள், சன்னலை மூடுங்கள் என்று நச்சரித்து, கடைசியில் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. இதையெல்லாம் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கீழே ஓடும் தறியைக் கொஞ்ச நேரம் கேட்டார். "தறி தாளத்துல அடிக்குதுங்க. இது தாளத்துல இல்லீங்களே" என்றார். பிறகு, வர்ற செவ்வாய் மங்கலத்தில் கரண்ட் ஷட்டவுன், அன்றைக்கு வந்து பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மாதா மாதம் மின்வாரியத்தின் பராமரிப்பு நாளன்று காலையிலிருந்து மின்சாரம் இருக்காது. பெரிய பனியன் கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டுக்கொள்ளும். சின்ன விசைத்தறிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் தறிகள் நின்றுவிடும். மங்கலம் வாயை மூடுகிற நாள் அது ஒன்றுதான். தறி ஓட்டுகிறவர்கள் எல்லாம் வேப்பமர நிழலில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நானும் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவேன். மின்சாரமில்லாமல் கணினிக்காரனுக்கு என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். யுபிஎஸ்ஸில் கணினியை ஓட்டச் சொன்னார். எல்லா வாத்தியங்களையும் வாசிக்க விட்டு, மைக்கில் ஒரு வரி பாடினார். கேட்டுப்பார்த்தால் குரலின் நடுவே அதே கடுகு. பிறகு வாத்தியங்கள் அத்தனையையும் அணைத்துவிட்டு, வெறும் தாளத் தட்டோடு அதே வரியைப் பாடினார். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. குற்றவாளி தறி இல்லை, என் கணினி. கொள்ளாத வாத்தியங்களை அதன் தலையில் ஏற்றிவிட்டு ஒரே நேரத்தில் குரலையும் பதியச் சொன்னதில், அது கணக்குப்போட்டு முடிக்க நேரம் போதாமல் திணறிய ஒவ்வொரு இடமும் ஒரு பொரியாக விழுந்திருக்கிறது. அக்கா சன்னலைத் திறந்து கீழே எட்டிப்பார்த்து, "அண்ணா, உங்க தறி மேல தப்பில்லீங்களாம்" என்றார். "அதை நானு எப்பவோ சொன்னனுங்களே" என்று வேப்பமரத்தடியிலிருந்து பதில் வந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. குரல் பதிவு என்றால் மின்தடை நாள். செய்தித்தாளில் மற்றவர்கள் ராசிபலன் பார்க்கிற மாதிரி அக்கா மின்தடைப் பட்டியல் பார்ப்பார். மங்கலம் என்று பெயர் வந்தால் எனக்கு ஒரு வரி செய்தி அனுப்புவார். பாடுகிறவர்களும் பெரும்பாலும் கம்பெனி வேலைக்காரர்கள், அவர்களும் லீவு சொல்லிவிட்டு வருவார்கள். ஊரே அமைதியாக இருக்கும். ஆனால் கையில் இருப்பது ஒரு மடிக்கணினியின் பேட்டரியும் ஒரு கிழட்டு யுபிஎஸ்ஸும்தான். கணினி எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அது சாகும். ஆகவே மின்தடைக்கு முந்தைய நாட்களிலேயே வாத்தியங்களை எல்லாம் ஃப்ரீஸ் பண்ணிவிட வேண்டும்.

ஃப்ரீஸ் என்பது எளிய காரியம். ஒரு வாத்தியம் வாசிப்பதைக் கணினி ஒருமுறை முழுதாக ஒலியாக எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாத்தியத்தை இறக்கிவிடும். பிறகு அது வெறும் ஒலிப்பதிவு. கணினிக்குப் பாரமில்லை. ஆனால் அதில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் ஃப்ரீஸை எடுத்து வாத்தியத்தை மறுபடி ஏற்ற வேண்டும். நான் எதையும் ஃப்ரீஸ் பண்ணத் தயங்குகிற ஜாதி. கடைசி நிமிடம் வரை ஏதாவது தோன்றினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்திருப்பேன். அக்கா அப்படியில்லை. "முடிவானதை ஃப்ரீஸ் பண்ணிருங்க தம்பி. முடிவாகாததுக்கு எடம் வேணும்" என்பார். அவர் திறந்து வைத்திருக்கும் வாத்தியத் தடம் எதுவோ, அதில் அவருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். நாளடைவில் திரையைப் பார்த்தே அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

அவருடைய பகல் வேலையும் இடத்தைப் பற்றியதுதான். துணியின் அகலத்துக்குள் முன்பக்கம், முதுகு, கை, கழுத்துப்பட்டி என்று எல்லாத் துண்டுகளையும் திரையில் திருப்பித் திருப்பி, வேஸ்ட் குறையும்படி அடுக்க வேண்டும். பாட்டிலும் அதையே செய்தார். ஒருமுறை சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர், இறந்துபோன தன் அம்மாவுக்கு ஒரு பாட்டு வேண்டும், சினிமாவில் வருகிற மாதிரி நூறு வயலின் அழ வேண்டும் என்று கேட்டு வந்தார். நானும் ஆசைப்பட்டு எல்லா வயலின் மூட்டைகளையும் ஏற்றப் பார்த்தேன். கணினி பாதியில் உறைந்து நின்றது, அணைத்துப் போட்டால் மறுபடியும் நின்றது. அக்கா வந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரே ஒரு வயலினை வைத்தார். அந்த ஒன்றின் மேல், எங்கே வில் தயங்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று பொறுமையாக வரைந்தார். தறிக்காரர் வந்து கேட்டார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நூறு வயலினைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. அக்கா என்னிடம் சொன்னார்: "இருக்கற ரேமுக்குள்ள அழுதாப் போதும்ங்க."

அந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதி ஒட்டலாமா என்று கேட்டேன். முதலில் கணினிக்குள் இருக்கும் பஞ்சை எடுங்கள் என்றார். திருப்பூர்க் கணினிகளுக்கு வருகிற நோய் அது. காற்றிலேயே பஞ்சு மிதக்கிற ஊரில் விசிறி அதைத்தான் இழுக்கும். உள்ளே அடைத்துக்கொண்டால் சூடாகும், சூடானால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு வாத்தியம் குறைத்தாலும் திணறும். அக்கா என் மேசைக் கணினியின் பெட்டியைக் கழற்றி ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்து, "இது கம்ப்யூட்டருங்களா, தலகாணிங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டுக் கணினி கம்பெனியில் கழித்துக் கட்டிய பழையது. அதன் உள்பக்கம் மட்டும் கடையில் இருந்து வந்த நாள் மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஏதோ சிக்கன சாமியார் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு வழியாகப் பெரிய கணினி ஒன்று வாங்கியபோது, இவ்வளவு எதற்கு என்று திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற வாத்தியம் அத்தனையையும் ஏற்றினார். வயலின், செல்லோ, நாதஸ்வரம், உடுக்கை, பெரிய தேவாலய ஆர்கன், எதையும் விடவில்லை. "ஒரு நாளைக்கு எல்லாத்தையும் தொறந்து வெச்சுப் பாக்கலாம்ங்க" என்றார். பத்து விரலையும் ஒரே அடியாக அழுத்தினார். அறைச் சுவரில் இருந்த வேஸ்ட் மூட்டைகளில் இருந்து தூசி பறந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கணினி மின்தடை நாளுக்கு உதவவில்லை என்பது வேறு விஷயம். ஊர் அடங்கிய அமைதியில் அதன் விசிறி அரவைமில் மாதிரி இரைந்தது, யுபிஎஸ் முதல் சரணத்திலேயே கூவ ஆரம்பித்துவிட்டது. பழைய மடிக்கணினிக்கே திரும்பினோம். என்னை அவர் ஒரு வாரம் கேலி பேசினார்.

எங்கள் கடைசிப் பாட்டு, பாடகி வராத ஒரு மின்தடை நாளில் தொடங்கியது. துணிக்கடை விளம்பரத்துக்குப் பாட வேண்டியவர் பேருந்து கிடைக்காமல் நின்றுவிட்டார். ஊர் அமைதியாக இருந்தது, பேட்டரி நிறைய இருந்தது, செய்ய வேலை இல்லை. அக்கா சின்னக் கீபோர்டில் ஏதோ ஒரு மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே முனகினேன். என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். "நீங்க பட்டனை மட்டும் அமுத்துங்க தம்பி" என்றார். ஆனால் அந்த மெட்டை அவர் விடவில்லை. இத்தனை வருடமாக நாங்கள் செய்தது எல்லாம் யாரோ கேட்டுச் செய்தது. கோயிலுக்கு, சபைக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு. யாரும் கேட்காமல் நாங்களாகச் செய்தது இது ஒன்றுதான். இதற்குப் பெயர் இல்லை, வார்த்தைகளும் இல்லை. அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் தன் பழைய கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக இதை வளர்த்தார். என் கடைசி ஆசை என்ன என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், இந்தப் பாட்டு முடிய வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பாட்டின் நடு நாயகம் ஒரு புல்லாங்குழல். பழைய காலத்து மென்பொருள், விற்றவர்களே இப்போது அதை விற்பதில்லை. அதன் அனுமதி அக்காவின் கணினியோடு கட்டப்பட்டது, வேறெங்கும் ஓடாது. ஊதுகிறவரின் மூச்சு, ஸ்வரத்துக்கு முன்னால் லேசாகக் கேட்கும். அந்த மூச்சுக்காகவே அக்கா அதை விடாமல் வைத்திருந்தார். குழல் கடைசி வரியில் மேலேறி, நி என்ற ஸ்வரத்தில் போய் நிற்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. நி வரைக்கும் வந்தவன் ஒரு எட்டு வைத்து ஸ-வைத் தொட்டுவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? கேட்கிறவனுக்குத் தொண்டையில் மீன் முள் மாட்டிய மாதிரி இருக்கும் என்று சொன்னேன். "இருக்கட்டுங்களே. மிச்சத்தை அவிங்க ஊட்டுக்குப் போயிப் பாடிக்கட்டும்" என்றார். நான் விடவில்லை. போனில், நேரில், செய்தியில் என்று மாறி மாறிச் சண்டை போட்டோம். தாராபுரம் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிட்டார். மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் ஃப்ரீஸ் பண்ணிவிட்டாராம், குழல் மட்டும் பாக்கியாம். அதில் நான் சொல்வதும் கொஞ்சம் சரிதானோ என்று தோன்றுகிறதாம். "இன்னும் முடிவு பண்ணலீங்க தம்பி. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து சண்டை போட்டுக்கலாம்." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்குப் பாடகர் குழு முழுவதும் வந்திருந்தது. ஆர்கன் வாசிக்க மட்டும் ஆள் இல்லை. வாசிக்கிறவர்தானே பெட்டிக்குள் படுத்திருந்தார். யாரோ ஒருவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் செருகினார். நாங்கள் இருவரும் செய்துகொடுத்த பக்கவாத்தியப் பதிவு. எந்த இடத்தில் ஆர்கன் எழும், எந்த இடத்தில் ஒதுங்கும் என்று எனக்கு மனப்பாடம். தன் அடக்கத்துக்குத் தானே வாசித்துவிட்டுப் போனார். குழுவினர் அழுதுகொண்டே பாடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பதிவு செய்ய இது உருப்படியான நாள் இல்லையே என்று மட்டும் ஒரு நினைப்பு ஓடியது. மங்கலத்துக்குத் திரும்பி, அறைக் கதவைத் திறந்து, இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோதுதான் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து அருள் மறுபடி கூப்பிட்டார். அவர் மகள் கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள், அத்தையின் கணினி அவளுக்குத்தான். ஆனால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் அவள் பாடத்துக்கு ஓடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். "உங்குளுக்கு வேணுங்கறதை வந்து எடுத்துக்கங்ணா. நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோறனுங்க." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார், வேஸ்ட் அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு சாமளாபுரம் போனேன்.

பழக்க தோஷத்தில் முதலில் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். விசிறியில் மெல்லிசாகப் பஞ்சு படிந்திருந்தது. அக்கா இருந்தவரை அது அங்கே இருந்திருக்க முடியாது. துடைத்தேன். பாட்டைத் திறந்தேன். மற்ற தடங்கள் எல்லாம் ஃப்ரீஸ் ஆகி வரிசையாக அமைதியாக நின்றன. குழல் மட்டும் ஏற ஆரம்பித்தது. அதே மாதிரி ஒரு நீலக் கோடு. ஏறி முடிந்ததும் மூலையில் இருக்கும் பாரமானி, கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற சின்னப் பட்டை, லேசாக ஆட ஆரம்பித்தது. குழல் தயாராக நின்றது. ஊதினால் ஊதும்.

என் நிலைமை இதுதான். பாட்டை அப்படியே நகலெடுத்தால் மற்ற வாத்தியங்கள் என்னோடு வரும், அவை ஒலியாகிவிட்டவை. குழல் வராது. அதன் ஸ்வரங்கள், எப்போது எதை ஊத வேண்டும் என்று காட்டும் வெறும் கோடுகளாக வரும், குழலின் குரல் இங்கேயே அழிந்துவிடும். வேறொரு குழலுக்கு அந்த ஸ்வரங்களைக் கொடுக்கலாம், ஆனால் அந்த மூச்சுக்கு எங்கே போவது? குழலைக் காப்பாற்ற வேண்டுமானால் இங்கேயே, இப்போதே ஃப்ரீஸ் பண்ண வேண்டும். முடிவானதைத்தான் ஃப்ரீஸ் பண்ண வேண்டும். அக்கா முடிவு பண்ணவில்லை. அவருக்குப் பதிலாக நான் முடிவு பண்ண வேண்டியிருந்தது.

வாசிக்க விட்டேன். குழல் ஏறி, நி-யில் நின்றது. அந்த நி-க்கு மேல் ஒரே ஒரு சொடுக்கில் ஸ-வை வைத்துவிடலாம். நான் சொல்வதும் சரிதானோ என்று அவரே சொல்லியிருக்கிறார். தடுக்கிறவர் இல்லை, கேலி பேசுகிறவர் இல்லை, இத்தனை வருடத்தில் இவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததே இல்லை. வைத்தேன். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. என்னுடைய மற்ற எல்லாப் பாட்டுகளையும் மாதிரி, துணிக்கடை விளம்பரம் மாதிரி, முடிந்துபோய் இருந்தது. எனக்கு வேண்டியது அந்த ஸ இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. இன்னும் ஒரு தடவை, நி-தான் என்று அவர் பிடிவாதம் பிடிக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஸ-வை எடுத்துவிட்டேன்.

"ஆச்சுங்களாண்ணா?" என்று அருள் வாசலில் நின்று கேட்டார். இன்னும் இல்லீங்க என்றேன்.

ஃப்ரீஸை அழுத்தினேன். கணினி குழலை ஒருமுறை தனக்குள் வாசித்து எழுதிக்கொண்டது. பிறகு குழல் நினைவகத்திலிருந்து இறங்கியது. ஆடிக்கொண்டிருந்த பாரமானி தணிந்து, தணிந்து, சுழியத்தில் நின்றது. எத்தனையோ வேலைகளில் அந்தச் சுழியத்தைப் பார்த்து நானும் அக்காவும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கிறோம். சுழியம் என்றால் எல்லாம் தயார், இனி பாடலாம் என்று அர்த்தம். இந்த முறை அதற்கு அந்த அர்த்தம் இல்லை. அந்தக் கணினிக்கு இனி அக்காவுக்காகச் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. நகலெடுத்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்றேன். அருள் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

போன வாரம் மங்கலத்தில் மின்தடை. செய்தித்தாளில் நானேதான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாடுகிறவர் யாரையும் வரச் சொல்லவில்லை. காலையில் தறிகள் ஒவ்வொன்றாக நின்று ஊர் வாயை மூடியது. பொன்னுச்சாமி அண்ணன் வேப்பமரத்தடியிலிருந்து மேலே பார்த்து, "இன்னிக்குப் பாட்டு ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். ஒன்று இருக்கிறது என்றேன்.

பழைய மடிக்கணினியைத் திறந்து அந்தப் பாட்டை ஓட விட்டேன். பேட்டரிக்குப் பாரமே இல்லை, எல்லாம் ஃப்ரீஸ் ஆனது. அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான்: இருக்கிற ரேமுக்குள் அழுதால் போதும் என்ற அந்த ஒரு பேச்சு, ஊர் அமைதியாகிற இந்த ஒரு நாள், நானும் சேர்ந்து செய்து அவர் பாதியில் விட்டுப்போன இந்தப் பாட்டு. குழல் மூச்செடுத்து, மேலேறி, நி-யில் நின்றது. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் கரகரத்த தொண்டையால் ஸ-வை நானே பாடினேன். பட்டனை மட்டும் அமுத்துங்க தம்பி என்று சொல்ல ஆள் இல்லை.